குட்டைத் தந்தம் பெண் யானையுடையதா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பொது வீட்டுப் பெட்டகத்தில் இரண்டு யானைத் தந்தங்கள் இருக்கின்றன. ஐயா இலங்கைக்குக் கொண்டுவிற்கப் போனபோது வாங்கி வந்தவை. ஒன்று மற்றதைவிட ஒரு சாண் குட்டை. பழம்பொருள் தரகர் ஒருவர், “குட்டையானது பெண் யானையுடையது, ஜோடி சேராது. வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்” என்கிறார். உண்மையா?

பதில்: அவரை வீட்டு முகப்போடு, உள்ளே விடாமல் அனுப்பிவிடுங்கள். ஆசிய யானையில் பெண்ணுக்கு அந்த அளவில் தந்தம் வராது.

ஒரே யானையின் தந்தங்கள் சமமாக இருந்தால்தான் ஆச்சரியம். நமக்கு வலக்கை, இடக்கை போல, யானைக்கும் வேலைக்கு முந்துகிற தந்தம் ஒன்று உண்டு. பட்டை உரிப்பதும் வேர் கிண்டுவதும் அந்தத் தந்தத்தால்தான். அதுவே தேய்ந்து குட்டையாகும். நுனிக்கருகில் விரலை ஓட்டிப் பாருங்கள். கிணற்றுக் கல்லில் கயிறு தேய்த்த தடம்போல ஒரு பள்ளம் தட்டுப்படலாம். புல்லைச் சுற்றி இழுத்த இடம் அது. அசல்தானா என்ற சந்தேகமும் இருந்தால் அறுபட்ட முகத்தைப் பாருங்கள். ஓலைக் கொட்டான் முடைந்ததுபோல மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். எலும்பில் அது இராது.

தந்தம் முளைக்குமா என்பது பிறவியிலேயே முடிவாகிவிடுகிறது. தென்னிந்தியாவில் பெரும்பாலான ஆண் யானைகள் தந்தமுள்ள கொம்பன்கள், தந்தம் இல்லாத ஆண் மக்னா. இலங்கையிலோ பத்து ஆண்களில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை. “இலங்கைத் தந்தம் அபூர்வம்” என்று தரகர்கள் ஆசை காட்டுவது இதை வைத்துத்தான். அந்த ஆசை என்ன செய்யும் என்பதைக் கேரளத்தின் பெரியாறு காடு காட்டியது. கொம்பன்களையே தேடிச் சுட்டதில், ஒரு கட்டத்தில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு நூறு பெண்கள் என்றாகி, கன்றுகளும் குறைந்தன.

அடுத்து மரபணுச் சோதனை, சான்றிதழ் என்று பணம் கேட்பார்கள். மரபணு யானையின் வம்சத்தைச் சொல்லும்; தந்தம் உங்கள் வீட்டுக்குள் எப்போது வந்தது என்று சொல்லாது. சட்டம் கேட்பது அதைத்தான். யானை முடி மோதிரம், யானைக்குள் விளைந்த முத்து என்று சொல்லும் கஜமுத்து என்று வருகிறவர்களையும் இதே கணக்கில் சேருங்கள்.

1972 வன உயிரினச் சட்டப்படி தந்தம் வைத்திருக்க உரிமைச் சான்று வேண்டும். சான்று இருந்தாலும் விற்க முடியாது. சான்று இல்லாதவர் கைக்குத் தந்தம் வருவதில், வாரிசாக வருவதற்கு மட்டும் விலக்கு. அதையும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வாரிசாக வந்தது என்பதால் சும்மா இருந்துவிடக் கூடாது. 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். உங்களுடையதோ பொது வீடு. எந்தப் புள்ளி, அதாவது எந்தப் பங்காளிக் குடும்பம், வாரிசு, யார் பெயரில் மனு? முதலில் பங்காளிகள் உட்கார்ந்து பேசுங்கள். ஐயா காலத்துச் சான்று பெட்டகத்தில் கிடக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் மறைக்காமல் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். எந்தப் படிவம், எந்த மேசை என்று ஒரு பலகையில் எழுதி மாட்டினால் பாதித் தரகர்களுக்குப் பிழைப்பு போய்விடும். மாட்டமாட்டார்கள்.

நெட்டையானதை அறுத்துச் சமமாக்கித் தருகிறேன் என்று அந்த ஆள் மறுபடியும் வருவார். பெட்டகத்தைத் திறக்காதீர்கள்.