கொள்ளுத்தாத்தா பெயர் எந்த ஆபீஸில் இருக்கும்? – வாசகர் கேள்வி பதில்

குடும்ப வரலாறு தேடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா வரை பெயர் தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பூர்வீகம் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். எங்கிருந்து ஆரம்பிப்பது? – வாசகர், பெங்களூரு

பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஊரை வைத்துத் தேடுங்கள். நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம், குலசாமி பெயரை வீட்டுக்கு ஒருவருக்கு வைக்கிறோம், அதனால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நாலு கருப்பையா இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்றாகவே இருக்கும். அவர்களைப் பிரித்துக் காட்டுவது அவரவர் நிலமும் வீடும்தான்.

முதலில் வீட்டுப் பீரோவையும் பரணையும் பாருங்கள். பழைய பத்திரம், வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பக்கத்து மொய் நோட்டில் ஊர் பெயரும் ஆள் பெயரும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நோட்டு ஒன்று கிடைத்தால் உங்கள் பங்காளிகளும் சம்பந்திகளும் எந்தெந்த ஊரில் இருந்தார்கள் என்று ஒரு வரைபடமே கிடைத்த மாதிரி.

அடுத்தது பத்திரம். தேட வேண்டியது கிரயப் பத்திரத்தைவிட பாகப்பிரிவினைப் பத்திரத்தை. கிரயத்தில் விற்றவர், வாங்கியவர், அவரவர் அப்பா பெயர், அதோடு முடிந்தது. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி அத்தனை பேரும் வரிசையாக வருவார்கள், இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள் வயதோடு வருவார்கள், சொத்து யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கும். ஒரே பத்திரத்தில் மூன்று தலைமுறை கிடைப்பது சாதாரணம்.

அந்தப் பத்திரம் வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகம். பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம், பெரும்பாலான அலுவலகங்களுக்கு அது 1975 வரைதான் போகும். அதற்கு முந்தையதை நேரில் மனு கொடுத்து, பழைய புத்தகத்தில் கையால் தேடச் சொல்ல வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சொத்துக்கு ஓர் அட்டவணை, ஆட்களின் பெயருக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சர்வே எண் தெரியாத ஆள் பெயர் அட்டவணை வழியாகப் போகலாம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும், எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலையும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உயிலில் பெரியவர்கள் மனம்விட்டுப் பேசியிருப்பார்கள், எந்த மகன் கஞ்சி ஊற்றினான், எந்த மகன் எட்டிப் பார்க்கவில்லை என்பது வரைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கிராமம் இன்று எந்தச் சார்பதிவகத்தில் இருக்கிறது என்பதோடு, பத்திரம் எழுதிய காலத்தில் எதில் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். புது அலுவலகம் திறந்து கிராமங்களைப் பிரித்துக் கொடுத்தாலும் பழைய புத்தகம் பெரும்பாலும் பழைய இடத்திலேயேதான் இருக்கும். "இங்கே இல்லை" என்று சொன்னால், "முன்னே எந்த ஆபீஸ்ல இருந்துச்சு?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சிவகங்கை என்பதால் இன்னொரு விஷயமும் உண்டு. அது ஜமீன் சீமை. ரயத்துவாரிப் பகுதிகளில் சர்க்காரே குடியானவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி வந்தது. ஜமீனில் வரி வசூலும் கணக்கும் ஜமீன் கையில். 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் சர்க்கார் அங்கே சர்வே, செட்டில்மெண்ட் செய்து ஆள் பெயரில் பட்டா கொடுத்தது. அதனால் 1948க்கு முந்தைய உங்கள் தாத்தாக்களை வருவாய்த் துறைப் பதிவேட்டில் தேடி நாளைக் கழிக்காமல் பதிவுப் பத்திரத்திலேயே தேடுங்கள். பழைய பத்திரத்தில் சர்வே எண்ணுக்குப் பதில் பைமாஷ் எண்ணும் (சர்வேக்கு முந்தைய பழைய அளவை எண்) நாலெல்லையும் இருக்கும். எல்லையில் வரும் பக்கத்து நிலக்காரர் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், பாதிப் பேர் உங்கள் பங்காளிகளாகத்தான் இருப்பார்கள்.

நிலம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் இதெல்லாமா? எங்கள் குடும்பத்தில் என் அப்பா காலம் வரை ஒரு சென்ட் இடம் கிடையாது. கூலி வேலைதான். எங்களுக்கு வரலாறே கிடைக்காதா? – வாசகி, விழுப்புரம்

கிடைக்கும் அம்மா. வேறு வழியில் போக வேண்டும், நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். பத்திரம் இல்லாதவர்களின் வரலாற்றைத் தேடுவதுதான் அவசரமான வேலை என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அவர்களைப் பற்றிய தாள்களைப் பத்திரப்படுத்த யாரும் மெனக்கெடவில்லை.

முதலில் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு. உங்கள் தாத்தாவோ அவருடைய தம்பியோ ரெண்டாம் வகுப்போடு நின்றிருந்தாலும் பெயர், அப்பா பெயர், ஊர், சாதி, பிறந்த தேதி என்று ஒரு வரி அங்கே இருக்கும். தேதி பெரும்பாலும் வாத்தியார் போட்டது, அதைப் பிறந்த நாளாக நம்பாதீர்கள். மிஷன் பள்ளிக்கூடமாக இருந்தால் இன்னும் நல்லது.

குடும்பத்தில் எந்தக் கிளையாவது கிறிஸ்தவத்துக்குப் போயிருந்தால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயில், சி.எஸ்.ஐ. என்றால் சேகர அலுவலகம். பெற்றோர் இருவர் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். பழைய கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கும், பயப்படாதீர்கள், ஒரே வாக்கியம்தான் ஒவ்வொரு பதிவிலும் திரும்பத் திரும்ப வரும், நாலைந்து வார்த்தை பழகிவிட்டால் போதும்.

அப்புறம் நிலமே கிடையாது என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம்தான் பஞ்சமி நிலம். ஒப்படைப்புப் பெற்றவர் உங்கள் முப்பாட்டனாக இருந்து, பிறகு நிலம் கைமாறிப் போயிருக்கலாம். எந்தச் சர்வே எண் யார் பெயரில் என்று சொல்லும் கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். இப்போதைய பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது, ஆனால் 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நிலப் பதிவுப் புதுப்பிப்புக்கு முந்தைய பதிவேட்டை மாவட்ட, வட்ட அலுவலகப் பதிவறையில் மனு போட்டுக் கேட்க வேண்டும். தலையாரி, வெட்டியான் போன்ற ஊர்ப்பணி செய்த குடும்பம் என்றால் அதற்கு மானிய நிலம் இருந்திருக்கும், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மானியப் பதிவேடுகளைக் கேளுங்கள். 1860களில் மானிய நிலங்களை விசாரித்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேட்டில் மானியம் முதலில் யாருக்குக் கொடுத்தது, அப்போது யாரிடம் இருந்தது, அவருக்கு என்ன வயது, முதலில் வாங்கியவருக்கு அவர் என்ன உறவு என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

ஊரில் எண்பது தாண்டியவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். "உங்க தாத்தா பேர் என்ன?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "யார் பண்ணையில வேலை பார்த்தீங்க, எந்த வருஷப் பஞ்சத்துல ஊரை விட்டு வந்தீங்க, யாரெல்லாம் கூட வந்தாங்க" என்று கேளுங்கள், பெயர்கள் தானாக வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்பா வழி ஏழு தலைமுறை எழுதி முடித்துவிட்டோம். பாட்டிகளின் பெயர் மட்டும் ஒன்றுகூட இல்லை. – வாசகர், ஈரோடு

எழுதி முடித்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள், பாதிதான் முடிந்திருக்கிறது. பெண்கள் பத்திரத்தில் வருகிற இடங்கள் குறிப்பிட்டவை. அப்பா சின்ன வயதில் இறந்துபோனால், "மைனர்களுக்குக் கார்டியனும் தாயாருமான இன்னாரம்மாள்" என்று அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார். விதவைக்கு ஜீவனாம்சம் ஒதுக்கிய பத்திரத்தில் வருவார். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு அப்பா சொத்தில் பங்கு வேண்டாம் என்று பெண்களிடம் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரங்கள் வரத் தொடங்கின, 1989இல் தமிழ்நாடு அரசு பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்குப் பங்கு என்று சட்டம் திருத்திய பிறகு இன்னும் அதிகமாயின. தங்கை கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் அவர் கட்டிப்போன ஊரும் கணவர் பெயரும் இருக்கும்.

பாட்டி பிறந்த ஊர் தெரிந்தால் அங்கே அவருடைய அண்ணன் தம்பி வீட்டைத் தேடுங்கள். உங்கள் வீட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று யார் பெயர் போட்டிருக்கிறது? அங்கிருந்து தொடங்குங்கள்.

என் கொள்ளுத்தாத்தா கப்பலேறி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். தமிழ் பேசும் உறவினர் ஒருவர் உதவியோடு இதை எழுதுகிறேன். கப்பல் பட்டியலில் வட ஆற்காடு ஜில்லா என்று இருக்கிறது, ஊர்ப் பெயர் புரியவில்லை. – வாசகர், டர்பன்

பட்டியல் கையில் இருப்பதே பெரிய விஷயம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கும் தனி எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு இவ்வளவு விவரமான பதிவு அந்தக் காலத்தில் கிடையாது.

வட ஆற்காடு என்பதை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தேட வேண்டும். 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும் வரை அந்தப் பக்கமும் வட ஆற்காட்டில்தான் இருந்தது, ஆகவே ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. தாலுகா பெயரை முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து, எழுத்தர் எழுதியதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஒப்பிடுங்கள். அவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார், ல, ழ, ள எல்லாம் ஒரே எழுத்தாகியிருக்கும். பட்டி, பாக்கம், குப்பம் மாதிரியான கடைசிப் பகுதி பெரும்பாலும் தப்பியிருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே கப்பலில் அதே ஊர்க்காரர் வேறு யாராவது வந்திருந்தால் அவர் வரியில் எழுத்து வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஊர் பிடிபட்டுவிடும்.

மொரீஷியஸ் போனவர்கள் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இந்தியக் குடியேற்றப் பதிவுகள் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு பிரெஞ்சு அரசு வைத்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் பிரான்ஸில் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் காப்பகத்தில் உண்டு, கணிசமான பகுதி இணையத்திலேயே படிக்கக் கிடைக்கிறது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் தங்கள் குடும்ப அட்டையைத் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள்.

டர்பன் வாசகருக்கு இன்னொன்று. ஊருக்கு வந்து "உங்கள் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒன்று" என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறினால் வருத்தப்படாதீர்கள். சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். பங்கு எதுவும் வேண்டாம், பெயரும் சாமி கும்பிடும் இடமும் தெரிந்தால் போதும் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். குலதெய்வக் கோயில் எது என்று தெரிந்தால் பூசாரியிடம் தலைக்கட்டு வரி நோட்டைக் கேளுங்கள், உங்கள் கிளையின் மீதி ஆட்கள் அதில் இருப்பார்கள்.

பாட்டி 1938இல் பிறந்தவர். பிறப்புப் பதிவு தேடினோம், அந்தப் பெயரில் இல்லை என்றார்கள். – வாசகர், தஞ்சாவூர்

பெயரில் இருக்காது. அந்தக் காலக் கிராமப் பதிவில் பெரும்பாலும் "பெண் குழந்தை" என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள், பெயர் வைத்த பிறகு யாரும் போய் எழுதச் சொல்லவில்லை. அப்பா, அம்மா பெயரைக் கொடுத்து, 1936 முதல் 1940 வரை வரிசையாகப் பார்க்கச் சொல்லி வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் மனு கொடுங்கள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் வழக்கம், அதனால் பாட்டியின் அம்மா பிறந்த ஊர் பதிவேட்டையும் பாருங்கள்.

தாத்தாவின் ஓலை ஜாதகத்தில் "கொல்லம் 1090, ஆனந்த வருஷம் ஆவணி 12" என்று இருக்கிறது. ஆங்கிலத் தேதி எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, திருநெல்வேலி

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பும். ஆனந்த என்றால் 1854ஆகவும் இருக்கலாம், 1914ஆகவும் இருக்கலாம், 1974ஆகவும் இருக்கலாம். உங்களுக்குக் கொல்லம் ஆண்டு இருப்பதால் சிக்கல் இல்லை. ஆவணியில் தொடங்கி டிசம்பர் முடியும் வரை 824ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் 825. ஆக 1914, ஆகஸ்ட் கடைசி வாரம். ஓலையில் கிழமையும் நட்சத்திரமும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு நாளையும் உறுதி செய்துவிடலாம். வருவாய்க் கணக்குகளில் பசலி (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு) என்று வந்தால் 590ஐக் கூட்டுங்கள், அது ஜூலையில் தொடங்கும். உங்கள் தாத்தா பிறந்தது பசலி 1324இல், அந்தப் பசலிக்கான கிராமக் கணக்கு கிடைத்தால் அவருடைய அப்பா பெயரில் நிலம் இருந்ததா என்று அதிலேயே பார்த்துவிடலாம்.