மஞ்சள் கடுதாசி கொடுக்கும் முன்: கடன் பற்றிய கேள்வி பதில்

கடன் வழக்குகளைப் பல வருடங்களாக நடத்தி வரும் வக்கீல் நான். கடனில் சிக்கியவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கடையை மூடிவிட்டேன் ஐயா. கடன் ஒன்பது லட்சம். ஐ.பி. (மஞ்சள் கடுதாசி என்கிற திவால் மனு) போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

எல்லாம் தீராது. முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. ஆனால் அதில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்களைப் போன்றவர்களுக்குப் பழைய சட்டம்தான். சென்னை நகரம் என்றால் 1909-ஆம் வருடச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருடச் சட்டம்.

மனுவில் யாருக்கு எவ்வளவு பாக்கி, உங்களிடம் என்ன சொத்து என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தால் சொத்து, அதைப் பொறுப்பேற்கும் அதிகாரியான ரிசீவர் கைக்குப் போகும். அவர் அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். உடுதுணி, சமையல் பாத்திரம், தொழில் கருவி இவற்றைத் தொட மாட்டார்கள். அப்புறம் கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். பலர் இந்தப் படியை மறந்துவிடுகிறார்கள்.

விடுவித்தாலும் மோசடி செய்து வாங்கிய கடன், அரசுக்குக் கட்ட வேண்டியது, கோர்ட் உத்தரவிட்ட ஜீவனாம்சம் இதெல்லாம் அப்படியே நிற்கும். அடமானம் வைத்த வீட்டின் மேல் வங்கிக்கு இருக்கும் உரிமையும் போகாது. என் மனதை உறுத்துவது ஜாமீன்தாரர்தான். நீங்கள் விடுபட்டாலும் அவர் விடுபட மாட்டார். உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட மைத்துனரையோ நண்பரையோ உட்கார வைத்துப் பேசிவிட்டு, பிறகு மனு போடுங்கள்.

கேள்வி: அதற்கு முன்னால் வீட்டை மனைவி பேருக்கு எழுதிவிடலாமா?

வேண்டாம். திவால் வழக்குக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இப்படிச் சும்மா எழுதிக் கொடுத்ததை நீதிமன்றம் ரத்து செய்யலாம். நேர்மையில்லாதவர் என்ற பெயரும் உங்களுக்கு வந்துவிடும்.

கேள்வி: வீட்டுக் கடன் நான்கு தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பயத்தில் பிரிக்கவே இல்லை.

இன்றைக்கே பிரியுங்கள் தம்பி. ஒரு அம்மா என்னிடம் துணிப்பை நிறையக் கவர்களோடு வந்தார். எதுவும் பிரிக்காதது. அடியிலிருந்த கவரில் இருந்தது சர்ஃபேசி சட்டம் (அடமானச் சொத்தை வங்கியே கையகப்படுத்த வழி செய்யும் சட்டம்) 13(2) நோட்டீஸ். அந்த நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. நோட்டீஸ் தேதியைப் பார்த்து நாளை எண்ணினோம்: 52 போயிருந்தது. மிச்சமிருந்த எட்டு நாளில் ஆட்சேபணையை எழுதி, பாக்கிக் கணக்கில் இருந்த தவறைக் காட்டி, தவணையை மாற்றியமைக்கக் கேட்டோம். எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதையும் மீறி வங்கி வீட்டைக் கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

கேள்வி: கடனுக்காகக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. ஜெயிலா?

கடனைக் கட்டாததற்கு மட்டும் ஜெயில் கிடையாது. செக் திரும்பினால் கதை வேறு. வக்கீல் நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு வராது. கொடுக்காவிட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஐ.பி. போட்டிருக்கிறேன் என்பது இங்கே கேடயம் ஆகாது. வழக்கு நடக்கும்போதும் சமரசம் பேசி முடிக்கலாம். பெரும்பாலும் அதைத்தான் நான் சொல்வேன்.

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு வசூல் ஆள் போன் பண்ணுகிறார். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டார்.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அழைப்பு வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். தனியாள் கந்துவட்டி கேட்டு மிரட்டினால் 2003-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி நேரே போலீஸ்.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். அவர் கடனை என் சம்பளத்திலிருந்து கட்டச் சொல்கிறார்கள்.

அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்து எவ்வளவோ, அதுவரைதான் உங்கள் பொறுப்பு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் வேறு.

கேள்வி: புரோநோட் எழுதி இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. "ஐநூறு ரூபாய் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு வைத்துக் கையெழுத்துப் போடு, போதும்" என்கிறார்.

அந்த ஐநூறின் அர்த்தம் தெரிந்து போடுங்கள். வழக்குப் போட அவருக்கு மூன்று வருடம்தான். அந்த ஒரு கையெழுத்தால் அன்றைய தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். வாங்கிய கடனைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போடக் கூடாது.

கேள்வி: வக்கீல் வைக்கக் காசில்லை அண்ணா.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடித்தால் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தீர்வின் மேல் அப்பீல் கிடையாது, கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள். போகும்போது கவர்களையும் சேர்த்து எடுத்துப் போங்கள். முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.