எங்க கேஸுக்கு இன்-சார்ஜ் ஏபிபி (கூடுதல் பொறுப்புல வர்ற உதவி அரசு வக்கீல்) போட்டிருக்காங்க, இது செல்லுமா? கேஸ் வீக் ஆயிடுமா?

கேட்டவர் அடிதடி கேஸ்ல புகார்தாரர். ரெகுலர் ஏபிபி லாங் லீவு, பக்கத்து கோர்ட் ஏபிபி வாரத்துல ரெண்டு நாள் வந்து பாக்குறாரு, சொந்தமா வக்கீல் வெச்சுக்கலாமான்னு கேட்டிருக்கார். நான் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்ல பிராக்டிஸ் பண்றேன், கிரிமினல் சைடுதான் அதிகம், அதனால எழுதறேன்.

செல்லும் சார், அதுல சந்தேகமே வேணாம். மாஜிஸ்திரேட் கோர்ட்ல அரசு தரப்பு நடத்துற ஏபிபிங்க டிஎன்பிஎஸ்சி பரீட்சை எழுதி வர்ற நிரந்தர அரசு ஊழியருங்க. செஷன்ஸ் கோர்ட் பிபி, அதாவது அரசு வக்கீல், அப்படி இல்ல, அவங்க பிராக்டிஸ் பண்ற வக்கீல்லருந்து அரசு போடறவங்க, ஆட்சி மாறினா பெரும்பாலும் அவங்களும் மாறுவாங்க. ஏபிபி போஸ்ட் காலியா இருந்தாலோ லீவுல போனாலோ பக்கத்து கோர்ட் ஏபிபிக்கு கூடுதல் பொறுப்பு போடுவாங்க, குடியாத்தத்துல பாக்குறவர் காட்பாடியும் சேத்து பாக்குற மாதிரி, நம்ம பக்கம் எல்லாரும் பாத்ததுதான். ஏபிபியே யாரும் கிடைக்கலன்னா ஒரு கேஸுக்கு மட்டும் வேற ஒருத்தர போட கலெக்டருக்கே சட்டத்துல பவர் இருக்கு, மாவட்ட மாஜிஸ்திரேட்ங்கற முறையில. பழைய குற்ற நடைமுறைச் சட்டம் சிஆர்பிசியில பிரிவு 25, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல பிரிவு 19, புதுசுல அரசுக்கு 14 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு போடணும்னு சேத்திருக்காங்க. போலீஸ்காரரைக் கூட போடலாம் ஆனா இன்ஸ்பெக்டர் ரேங்க்குக்கு கீழ கூடாது, அந்த கேஸ விசாரிச்சவரும் கூடாது. (2024 ஜூலை 1க்கு முன்னாடியே உங்க கேஸ் கோர்ட்ல விசாரணையில இருந்திருந்தா பழைய சிஆர்பிசி நம்பர்தான் ஓடும், குழப்பிக்காதீங்க.)

சட்டப்படி செல்லும்ங்கறது வேற, கேஸ் நல்லா நடக்குதாங்கறது வேற. பிரச்சனை எங்க வருதுன்னா பண்டில்ல, அதாவது கேஸ் பேப்பர் கட்டுல. இன்-சார்ஜ்ல வர்றவர் காலையில தன்னோட கோர்ட்ல நாலு கேஸ் பாத்துட்டு பஸ்ஸோ பைக்கோ புடிச்சு வந்து எறங்குவார், வராண்டாவுல கோர்ட் கான்ஸ்டபிள் அந்த பண்டில நீட்டுவார், அப்பதான் மொத தடவையா எஃப்ஐஆரையே பாப்பார், உள்ள கேஸ் கூப்ட்டுடுவாங்க. ஒரு தாலுக்கா கோர்ட்ல நான் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்புல நின்ன கேஸ் ஒண்ணு, வேலித் தகராறு, கட்டையால அடிச்சது. பிடபிள்யூ1, அதாவது அரசு தரப்பு முதல் சாட்சி, ஒரு வயசான அம்மா, கூண்டுக்கு போறதுக்கு முன்னாடி "இன்னா கேப்பாங்க, நான் இன்னா சொல்றது"ன்னு கான்ஸ்டபிளையே கேட்டுட்டு இருந்தாங்க. சீஃப்ல (ஏபிபி கேக்கற முதல் விசாரணையில) எல்லாம் சொன்னாங்க பாவம், ஆனா அந்த கட்டைய சாட்சிகிட்ட காட்டி "இதுதானாம்மா"ன்னு கேக்கவே இல்ல, ஏன்னா கட்ட பிராப்பர்ட்டி ரூம்லயே கெடந்துச்சு, யாரும் எடுத்துட்டு வரச் சொல்லல. எனக்கு அது வசதிதான், கிராஸ்ல (குறுக்கு விசாரணையில) அத தொடவே இல்ல. அப்புறம் ரெகுலர் ஏபிபி வந்து சாட்சிய திரும்ப கூப்பிட 311 மனு போட்டு, அதுக்கு நாங்க ஆட்சேபணை போட்டு, ஒரே நாள்ல முடிய வேண்டியது வாய்தா மேல வாய்தா. வந்தவர் கெட்டிக்கார வக்கீல்தான், அவர குத்தம் சொல்ல மாட்டேன், படிக்க நேரமே குடுக்காம ஒருத்தர கூண்டுக்கு எதிர்ல நிக்க வெச்சா யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகும்.

அதனால உங்க சாட்சி தேதிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே கோர்ட் கான்ஸ்டபிள புடிங்க. ஏபிபிய விட அவர்தான் முக்கியம்னு சொல்லுவேன், எந்த நாள் ஏபிபி வர்றார், பண்டில் எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். ஏபிபி அவரோட சொந்த கோர்ட்ல இருக்கற நாள்ல போய் பாருங்க, சாயந்திரம் கொஞ்சம் ஃப்ரீயா இருப்பார். நீங்க போலீஸ்ல சொன்ன வாக்குமூலத்த வாசிச்சு காட்டச் சொல்லுங்க, காயச் சான்று, ஆயுதம் எல்லாம் அன்னைக்கு வருதான்னு கேளுங்க. கிராஸ்ல "ஏபிபி சொல்லிக் குடுத்து பேசறீங்களா"ன்னு எதிர் வக்கீல் கண்டிப்பா கேப்பார், பாத்தேன், வாக்குமூலத்த வாசிச்சாங்கன்னு இருக்கறத சொல்லுங்க, அதுல தப்பே இல்ல. பாக்கவே இல்லன்னு பொய் சொன்னாத்தான் மாட்டுவீங்க.

சொந்த வக்கீல் வெக்கலாம், ஆனா அவர் ஏபிபி சொல்ற மாதிரிதான் நடக்கணும். சாட்சி விசாரணை முடிஞ்சதும் கோர்ட் அனுமதியோட எழுத்துப்பூர்வமா வாதம் குடுக்கலாம். அவரே எழுந்து குறுக்கு விசாரணை பண்றது, வாய்மொழியா வாதாடறது கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019ல ரேகா முரார்கா வழக்குல தெளிவா சொல்லிடுச்சு, அது செஷன்ஸ் கேஸ்; மாஜிஸ்திரேட் கோர்ட்ல மட்டும் மாஜிஸ்திரேட் தனியா அனுமதி குடுத்தா (பழைய சிஆர்பிசி 302, இப்ப பிஎன்எஸ்எஸ் 339) சொந்த வக்கீலே கேஸ நடத்தலாம். அதுக்குன்னு வேஸ்ட் இல்ல, இன்-சார்ஜ் ஏபிபிக்கு படிக்க நேரமில்லாதப்ப ஒரு பக்கத்துல தேதிவாரியா குறிப்பு எழுதிக் குடுக்க ஒரு ஆள் இருந்தா அவரே சந்தோஷமா வாங்கிப்பார்.

ஸ்பெஷல் பிபி கேக்கலாமான்னு சிலர் ஆரம்பிப்பாங்க. அதுக்கு 10 வருஷம் பிராக்டிஸ் ஆன வக்கீல அரசுதான் போடணும், சாதாரண அடிதடி கேஸுக்கு மனு எழுதி அலையறது வீண். எஸ்சி எஸ்டி வன்கொடுமை சட்டத்துல கேஸ்னா மட்டும் கதை வேற, பாதிக்கப்பட்டவங்க விரும்பற சீனியர் வக்கீல வெக்கச் சொல்லி கலெக்டர்கிட்ட கேக்க விதியிலயே வழி இருக்கு, உங்க எஃப்ஐஆர்ல அந்த செக்‌ஷன் இருக்கான்னு முதல்ல பாருங்க.