பழைய சிடி பிளேயர் வாங்கலாமா?
ஆம்ப் (ஸ்பீக்கருக்கு சத்தம் குடுக்கற ஆம்ப்ளிஃபயர்) இருக்கு, பதினஞ்சாயிரத்துக்குள்ள பழைய சிடி பிளேயர் வாங்கலாமான்னு கேட்டீங்க, தாராளமா வாங்கலாம் சார், ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க டிஸ்க் ஒண்ண கொண்டுபோய் போட்டுப் பாருங்க. எத்தன பாட்டுன்னு காட்டவே ரொம்ப நேரம் எடுத்தா, இல்ல கடைசிப் பாட்டு திக்கித் திக்கி ஓடினா பெரும்பாலும் டிஸ்க்கைப் படிக்கற லேசர் போற நிலைமை, விட்ருங்க, அதுக்கு ஸ்பேர் தேடி அலைய முடியாது. ட்ரே மட்டும் திறக்கலைன்னா பயப்படாதீங்க, பெரும்பாலும் உள்ள ரப்பர் பெல்ட் தொய்ஞ்சிருக்கும், என்னோடதுல அத மாத்தினேன், இன்னும் அருமையா பாடுது.

நல்லது கிடைக்கலையா, கோஆக்சியல் அவுட் (டிஜிட்டல் சிக்னல் வெளிய வர்ற சாக்கெட்) இருக்கற பழைய டிவிடி பிளேயரோட, டிஜிட்டல ஆம்ப்புக்கு ஏத்த சிக்னலா மாத்தற ஒரு சின்ன டிஏசி பெட்டி சேர்த்தா போதும், சிடியில இருக்கற அந்த 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி டிஜிட்டலாவே பிளேயர்ல இருந்து வெளிய வந்துடும். எத வாங்கினாலும் அதோட வயர ஆம்ப்ல ஃபோனோல (ரெக்கார்டு பிளேயருக்கான சாக்கெட்) மட்டும் சொருகிடாதீங்க, சத்தம் கரகரன்னு உடையும்.