கொரோனா சாவுக் கணக்கு: கேட்டதும் சொன்னதும்

இறப்புப் பதிவேடுகளோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவன், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: ஒரு நாள் அறிவிக்கும் எண், அன்று இறந்தவர்களின் எண் அல்ல.

2020 ஜூலை 22 அன்று தமிழகத்தில் 444 சாவு கூடியதே, என்ன நடந்தது?

அன்று ஒன்றும் நடக்கவில்லை. சென்னையில் முன்பு விடுபட்டவர்களைச் சேர்த்தார்கள். பெரு நாடு 2021 மே 31இல் 69,342ஐ 1,80,764 ஆக்கியது. அதுவும் பழைய பாக்கிதான்.

அப்பா கொரோனாவில் போனார். காரணம் 'இதயம் நின்றது' என்றிருக்கிறது. ஏமாற்றா, சார்?

மருத்துவர் எழுதும் காரணப் படிவத்தில் முதல் வரி உடனடிக் காரணம். கடைசி வரி எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோய். மூச்சுத் திணறல், நிமோனியா, கோவிட் என்று இறங்க வேண்டும். சர்க்கரை இருந்தால் அது இரண்டாம் பகுதியில், தனியாக. 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதினால் அது காரணமே அல்ல. செத்தவர் யாருக்கு நிற்கவில்லை? ஏமாற்றா, அவசரமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அந்த நாட்களில் அவசரம் நிறைய.

இறப்பு விகிதம் எத்தனை சதவீதம்?

எதால் வகுத்து? பரிசோதனையில் உறுதியானவர்களாலா, தொற்றிய எல்லோராலுமா? முதலாவது பெரிதாக வரும். வயதைப் பிரிக்காவிட்டால் இரண்டும் வீண்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சொன்ன 47 லட்சம் கட்டுக்கதைதானே?

அது 2020, 2021 இரண்டு வருடத்துக்கான மிகைச் சாவு மதிப்பீடு. கொரோனா வராதிருந்தால் இத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணித்து, அதற்கு மேல் போனதை எண்ணுவது. கணித மாதிரி (model) வைத்துப் போட்ட கணக்கு என்பதால் இந்திய அரசு ஏற்கவில்லை. சரி, மாதிரியை விடுங்கள். நம் நாட்டு இறப்புப் பதிவேட்டையே பாருங்கள், எல்லாக் காரணச் சாவும் சேர்த்து: 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1.02 கோடி.

குறுக்கிடுகிறேன். பதிவு செய்கிறவர்கள் கூடிவிட்டார்கள், சாவு கூடவில்லை!

பாதி நியாயம். 2018இலிருந்து 2019க்கே ஏறத்தாழ 7 லட்சம் ஏறியது, கொரோனா இல்லாமலே. ஆனால் 2021இல் ஏறியது 21 லட்சம். ஒரே வருடத்தில் மட்டும் மக்களுக்கு அத்தனை பதிவு ஆர்வமா?

அப்போது 21 லட்சமும் கொரோனாவா?

அப்படி எங்கே சொன்னேன்? பதிவு பெருகியதும் அதில் உண்டு, வேறு நோய்க்குப் படுக்கை கிடைக்காமல் போனவர்களும் உண்டு. அந்த வருடக் கொரோனா சாவுக்கு அரசுக் கணக்கான சுமார் 3.3 லட்சம் போதாது என்பதே என் வாதம்.

தடுப்பூசி போட்டவர்கள்தான் அதிகம் செத்தார்களாமே?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். நூறில் தொண்ணூறு பேர் போட்டிருந்தால் இறந்தவர்களிலும் அவர்கள் தலை அதிகம் தெரியும். தொண்ணூறில் எத்தனை, பத்தில் எத்தனை என்று கேளுங்கள்.

இன்றைய எண் நேற்றைவிடக் குறைவு, அலை ஓய்ந்ததா?

முதல் பத்தியைப் படியுங்கள். அப்புறம் இன்று ஞாயிறா, கணக்கு மந்தமாக வந்து சேரும் நாளா என்றும் பாருங்கள்.

நிவாரணம் 50,000 ரூபாய் எனக்குக் கிடைக்குமா?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். நான் எண்ணுகிறவன் மட்டும்தான்.