வெளிநாட்டில் எந்தச் சபையில் சேருவது?

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: வீட்டுக்குப் பக்கத்தில் வேற்றுமொழிச் சபை ஒன்று, ஒரு மணி நேரம் தள்ளி மாதம் ஒருமுறை கூடும் தமிழ் ஐக்கியம், அதுவும் இல்லையென்றால் போனில் ஊர்ச் சபையின் நேரலை. இதில் எது போதும்?

நேரலை போதாது. அப்போஸ்தலர் 2:42 உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என்று நான்கைச் சொல்கிறது. நடுவில் உள்ள இரண்டும் திரையில் கிடைக்காது. நீங்கள் ஒரு மாதம் பார்க்காமல் விட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

தமிழ் ஐக்கியம் சபைதானா, ஜெபக்கூட்டமா என்று முதலில் விசாரியுங்கள். போதகர் தவறினால் யாரிடம் முறையிடுவது? காணிக்கையை உறவினர் அல்லாத இரண்டு பேர் அன்றைக்கே எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார்களா? வருடக் கணக்கு உறுப்பினர் முன் வருகிறதா? ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களைப் பற்றி அந்நாட்டுச் சட்டப்படி விசாரித்திருக்கிறார்களா? இவற்றைக் கேட்பது அவிசுவாசம் அல்ல. பதில் சரியில்லாத இடத்தில் பாட்டு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் உறுப்பினராகாதீர்கள். ஞானஸ்நானப் பதிவேடு வைக்காத ஐக்கியங்களும் உண்டு. கல்யாணத்துக்குச் சான்று கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

என் அபிப்பிராயம்: உறுப்பினர் பக்கத்துச் சபையில், தமிழ் ஐக்கியம் கூடுதலாக. ஆஸ்பத்திரியில் படுத்தால் வந்து பார்க்க முடிகிற தூரத்தில் போதகர் இருக்க வேண்டும்.

பிரசங்கம் புரியவில்லை என்ற பயத்துக்கு ஒரு வழி உண்டு. ஆங்கிலிக்கன், லுத்தரன், மெத்தடிஸ்ட் சபைகள் பலவற்றில் மூன்றாண்டுச் சுழற்சியில் வேதபாடங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும்; கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிற்றில் புது வருடச் சுற்று தொடங்கும். அந்த அட்டவணையை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை இரவே அந்தப் பகுதிகளைத் தமிழ் வேதாகமத்தில் வாசித்துவிடுங்கள். பிரசங்கத்தில் பாதி பிடிபட்டுவிடும்.

காகிதங்களுக்கு வருவோம். ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) சான்று, ஊர்ப் போதகரின் பரிந்துரைக் கடிதம் மூன்றும் வேண்டும். கடிதம் வெறும் சம்பிரதாயம் அல்ல. கெங்கிரேயா சபையின் பெபேயாளை ரோமச் சபை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் எழுதியதும் (ரோமர் 16:1-2) இதே வேலைதான். சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும்: சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இருவரும் ஒருவரே என்று அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால், 1947-ல் உருவான அந்தச் சபை, ஆங்கிலிக்கன் சபைகளின் உலகளாவிய ஐக்கியத்தில் உறுப்பு. ஆங்கிலிக்கன் சபைத் திருவிருந்தில் தயங்காமல் பங்கெடுக்கலாம். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பல, குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல் தண்ணீரில் முழுக்கி மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லும். ஞானஸ்நானம் திரும்பச் செய்யக் கூடாதது என்கிறது உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1982-ன் லீமா ஆவணம். ஆனாலும் எல்லாச் சபைகளும் அதன்படி நடப்பதில்லை. மூன்று மாதம் போன பிறகு வாக்குவாதம் செய்வதைவிட முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கத்தோலிக்கருக்கு வழி வேறு. நீங்கள் குடியிருக்கும் இடமே உங்கள் பங்கை, அதாவது நீங்கள் எந்தக் கோவிலைச் சேர்ந்தவர் என்பதை, தீர்மானிக்கும். மாற்றுக் கடிதம் தேவையில்லை, பங்கு அலுவலகத்தில் பதிந்துகொண்டால் போதும். ஆனால் திருமுழுக்குப் பதிவு ஊர்ப் பங்கிலேயே இருக்கும். உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். அதனால்தான் கல்யாணத்தின்போது லேமினேட் செய்த பழைய சான்றை ஒதுக்கிவிட்டு, அண்மையில் எடுத்த பிரதியைக் கேட்கிறார்கள். சில மாதங்களுக்கு முன்பே எழுதிப் போடுங்கள்.

கடைசியாக, ஒதுக்கப்படுகிற உணர்வு. அது வரும். எருசலேம் சபையிலேயே கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவி வழங்கும்போது, விடுபட்டார்கள் (அப்போஸ்தலர் 6:1). அப்போஸ்தலர் புத்திமதியோடு நிறுத்தவில்லை. 7 பேரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள், ஏழு பெயரும் கிரேக்கப் பெயர். நீங்களும் யாராவது வந்து பேசட்டும் என்று பின்வரிசையில் காத்திருக்காமல், வேதபாடம் வாசிக்கவோ நாற்காலி அடுக்கவோ பெயர் கொடுங்கள். வேலைப் பட்டியலில் பெயர் ஏறியவரை அடுத்த வாரம் யாராவது போனில் கூப்பிட்டே ஆக வேண்டும்.