ஷேக்ஸ்பியர் காலத்து நாடகக் கொட்டகை: அரிய நூலகங்கள் குறித்துக் கேள்வி பதில்

16, 17-ஆம் நூற்றாண்டு லண்டன் நாடக உலகம், அதன் தாள்களைக் காத்துவரும் நூலகங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: சார், ஷேக்ஸ்பியர் இங்கிலாந்துக்காரர். அவருடைய பழைய புத்தகங்கள் வாஷிங்டனில் எப்படிக் குவிந்தன?

எண்ணெய்க் காசு, அம்மா. ஹென்றி ஃபோல்ஜர் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியில் உச்சிக்குப் போனவர். அவரும் மனைவி எமிலியும் சம்பாத்தியத்தைப் பழைய புத்தகங்களில் கொட்டினார்கள். அவற்றுக்காக வாஷிங்டனில் எழுந்த ஃபோல்ஜர் நூலகம் 1932-ல் திறந்தபோது ஹென்றி உயிரோடு இல்லை. ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களைத் தொகுத்து 1623-ல் வந்த 'முதல் ஃபோலியோ'வில் இன்று உலகில் மிஞ்சியவை சுமார் 235 பிரதிகள். அதில் 82 ஃபோல்ஜரில் மட்டும் இருக்கின்றன.

அதே மாணவி: ஒரே புத்தகத்தை எதற்கு 82 தடவை வாங்க வேண்டும்?

அன்றைக்கு எல்லோரும் கேட்டுச் சிரித்த கேள்விதான். ஆனால் அவை ஒரே புத்தகம் இல்லை. அந்தக் கால அச்சகத்தில் தாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்துவார்கள். திருத்தத்துக்கு முன் அச்சான தாளைத் தூக்கி எறிய மாட்டார்கள், காகிதம் அவ்வளவு விலை. அதையும் சேர்த்தே தைத்துவிடுவார்கள். அதனால் ஒரு பிரதியில் திருத்திய பக்கமும் இன்னொன்றில் திருத்தாத பக்கமும் இருக்கும்.

சார்ல்டன் ஹின்மன் என்ற ஆய்வாளர் கண்ணாடிகளும் விளக்குகளும் வைத்து ஒரு கருவி செய்தார். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கம் மாறி மாறிக் கண்ணுக்குத் தெரியும். வேறுபடும் எழுத்து மட்டும் துள்ளும். எழுத்துக்கூட்டும் வழக்கத்தை வைத்து எந்தப் பக்கத்தை எந்த அச்சுக்கோப்பாளர் கோத்தார் என்பது வரை பிரித்தார். 1963-ல் அந்த ஆய்வு நூலாக வந்தது. பிரதிகள் ஒரே கூரையின் கீழ் இல்லாமல் இதைச் செய்திருக்க முடியாது.

ஓய்வுபெற்ற நூலகர், மதுரை: ஆக்ஸ்போர்டு ஃபோலியோவை விற்றது உண்மையா?

உண்மைதான் ஐயா. ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தை நிறுவிய தாமஸ் பாட்லிக்கு நாடகப் புத்தகம் என்றாலே இளக்காரம். குப்பை என்றே கடிதத்தில் எழுதினார். ஆனாலும் ஃபோலியோ அங்கே வந்தது, சங்கிலி போட்டு வைத்தார்கள். 1660-களில் புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கழித்துவிட்டார்கள். அது 1905-ல் ஒரு மாணவர் கையில் திரும்ப வந்து நின்றது. விலைக்குக் கேட்டவர் வேறு யார், ஃபோல்ஜர்தான்! 3,000 பவுண்டு தருவதாகச் சொன்னார். பாட்லியன் ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, அதே தொகையைக் கொடுத்து மீட்டது. ரோமியோ ஜூலியட் பக்கங்கள்தான் கைபட்டு மிகவும் தேய்ந்தவை. அந்தக் காலத்து மாணவர்களும் மாணவர்கள்தானே!

நாடகக் குழு நடிகர், சென்னை: ஒரே ஒரு ஆவணத்தைப் பார்க்கலாம் என்றால் ஃபோலியோவைத்தானே சொல்வீர்கள்?

மாட்டேன். லண்டன் டல்விச் கல்லூரியில் இருக்கும் பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தைச் சொல்வேன். ரோஸ் என்ற நாடக அரங்கின் முதலாளி அவர். அவருடைய மருமகன் (மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பெண்ணைக் கட்டியவர்) எட்வர்டு ஆலன், அன்றைய பெரிய நடிகர். டல்விச் கல்லூரியைத் தொடங்கியவர் அவர்தான். அதனால்தான் தாள்கள் அங்கே தங்கின.

புதுப் புத்தகம்கூட இல்லை. ஹென்ஸ்லோவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் இரும்பு உலைக் கணக்கு எழுதிய பழைய நோட்டு. அதைத் திருப்பிப் போட்டு 1592 முதல் இவர் எழுதினார்: அன்றன்று வசூல், நடிகருக்குக் கடன், எழுத்தாளருக்கு அட்வான்ஸ், துணிக்கடைப் பாக்கி. இடையில் கைமருந்தும் மந்திரமும்கூட உண்டு. 1603-ல் தாமஸ் ஹேவுட்டுக்கு ஒரு முழு நாடகம் எழுத 6 பவுண்டு கொடுத்தார்கள். அதே நாடகத்தில் பெண் வேடத்துக்கான கறுப்பு வெல்வெட் கவுனுக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங். துணியைவிடக் கதை மலிவு. மேடை என்பது யாருக்கு என்ன தொழிலாக இருந்தது என்று இந்த இரண்டு வரி சொல்வதை எந்த விமரிசன நூலும் எனக்குச் சொன்னதில்லை.

'கண்ணுக்குத் தெரியாமல் போக ஓர் அங்கி' வாங்கியதும் கணக்கில் இருக்கிறது. ரோஸ் அரங்கில் நடித்த குழுவின் 1598 சாமான் பட்டியலில் ஒரு பாறை, ஒரு கல்லறை, நரகத்தின் வாய், ரோம் நகரம் எல்லாம் வரும். பட்டியலின் மூலத் தாள் தொலைந்துவிட்டது. 1790-ல் மலோன் என்ற ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் அச்சிட்டதால் தப்பியது. ஷேக்ஸ்பியர் பெயர்? முழு நோட்டிலும் ஒரு இடத்தில்கூட இல்லை.

அதே நடிகர்: வசனத்தை எப்படிப் பாடம் பண்ணினார்கள்?

முழு நாடகத்தை யாருக்கும் தரமாட்டார்கள். உங்கள் வசனமும், அதற்கு முன் மற்றவர் பேசும் கடைசிச் சில சொற்களும் மட்டும் நீளச் சுருளில் எழுதித் தருவார்கள். எதிரே நிற்பவர் எவ்வளவு நேரம் பேசுவார் என்பதே தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆலன் நடித்த ஆர்லாண்டோ வேடத்தின் சுருள் டல்விச்சில் இருக்கிறது. அந்தக் காலத் தொழில்முறை நாடகத்திலிருந்து மிஞ்சிய வசனச் சுருள் அது ஒன்றே.

இல்லத்தரசி, கோவை: பெண்கள் மேடை ஏறவில்லை என்கிறார்கள். அப்படியானால் இந்தத் தாள்களில் நாங்கள் எங்கே?

லண்டனின் தொழில்முறை மேடையில் 1660 வரை பெண் வேடம் பையன்களுக்குத்தான். ஆனால் கொட்டகை வாசலில் காசு வாங்கியவர்களில் பெண்கள் இருந்தார்கள். அப்புறம், ஃபோல்ஜரில் கையெழுத்துச் சமையல் குறிப்பேடுகள் ஏராளம். பாதி சமையல், பாதி வைத்தியம். பழப் பாகுக்குப் பக்கத்திலேயே இருமலுக்கு மருந்து. ஒரே ஏட்டில் பல கையெழுத்துகள், தலைமுறை மாறியதன் அடையாளம். யாரிடமிருந்து கற்றது என்று ஓரத்தில் பெயரும் எழுதுவார்கள். வீட்டு வாழ்க்கையை அறிய நான் முதலில் புரட்டுவது இவற்றைத்தான்.

பொறியாளர், சேலம்: டிக்கெட் எவ்வளவு?

நின்று பார்க்க ஒரு பென்னி, உட்கார இன்னொன்று, மெத்தை வேண்டுமென்றால் மூன்றாவது. 1599-ல் லண்டன் வந்த சுவிஸ் பயணி தாமஸ் பிளாட்டர் எழுதிவைத்தது. அவர் ஜூலியஸ் சீஸர் நாடகத்தை மதியம் இரண்டு மணிவாக்கில் பார்த்தார். சீஸர் செத்து முடிந்ததும் கடைசியில் நடிகர்கள் அருமையாக ஆடினார்களாம்!

பலரும்: வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா? நேரில் போனால் கையுறை வேண்டுமா?

கையுறை பெரும்பாலும் வேண்டாம். கையைக் கழுவித் துடைத்தால் போதும். பேனா கூடாது, பென்சில் மட்டும். வீட்டிலிருந்து என்றால் ஃபோல்ஜரின் படத் தொகுப்பும் ஹென்ஸ்லோ தாள்களும் இணையத்தில் இலவசம். இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, 'செக்ரட்டரி' என்னும் கையெழுத்து வகை. அதன் எழுத்து அட்டவணையை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று தேதி. அங்கே அப்போது ஆண்டு மாறுவது மார்ச் 25-ல். 'ஆறாம் ஹாரி' நாடகத்துக்கு 3 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்ஸ் வசூலான மார்ச் 3-ஐ ஹென்ஸ்லோ 1591 என்று எழுதியிருப்பார். நமக்கு அது 1592.